புதுப்பிப்பு: அண்ணனின் உண்ணிக்கடி, ரத்தப் பரிசோதனை முடிவு வந்தாச்சு

காட்டு வேலைக்குப் போகும் அண்ணனை அடிக்கடி உண்ணி கடிக்கிறது, உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் உண்ணிக்கடியால் பரவும் லைம் நோய்க்கு ரத்தம் பார்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, பார்த்துவிட்டோம். ஐஜிஜி ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் ஒரு புரதம்) பாசிட்டிவ். வீட்டில் எல்லோரும் கலங்கிப்போனோம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பு எப்போதோ லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா பாக்டீரியாவை எதிர்கொண்டிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது, இப்போது நோய் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, அந்த ஆன்டிபாடி வருடக்கணக்கில்கூட ரத்தத்தில் இருக்கும், காட்டில் வேலை செய்பவர்களில் நோயே வராமல் இப்படிப் பாசிட்டிவ் ஆகிறவர்கள் நிறைய உண்டு. அறிகுறி இல்லாததால் மருந்தும் இல்லை. எனக்கு இது பெரிய நிம்மதி.

இதன் மறுபக்கம்தான் இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆன்டிபாடி உருவாகச் சில வாரங்கள் ஆகும், அதனால் கடித்த கொஞ்ச நாளில் எடுத்த சோதனை நெகட்டிவ் என்றால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் தோலில் விரிந்துகொண்டே போகும் சிவப்புத் தடிப்பு வந்தால், அதைப் பார்த்தே சிகிச்சை தொடங்குவார்கள். எல்லோருக்கும் அந்தத் தடிப்பு வராது என்பதுதான் சிக்கல்.

அப்புறம், உண்ணி மூலம் பரவும் இன்னொரு பாக்டீரியா வகையான ரிக்கெட்சியா பற்றிக் கேட்டவருக்கு: காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால் உண்ணி கடித்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் சோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்குவார்கள், சில வகைகளில் தாமதம் உயிருக்கே ஆபத்து.

அண்ணன் இப்போது வேலை முடிந்ததும் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் பார்க்கிறார்.