காதும் கண்ணும் சேர்ந்து பாதித்த குழந்தை: நம்மைப் போன்ற குடும்பங்களை எங்கே தேடுவது?

காரைக்குடி_அம்மா கேட்டது:

வணக்கம். என் மகளுக்கு மூன்று வயது. அவள் வயிற்றில் இருந்தபோது இரண்டாம் மாதத்தில் எனக்குக் காய்ச்சலும் உடம்பெல்லாம் சிவப்புப் பொரியும் வந்து, நாலைந்து நாளில் தானாகப் போய்விட்டது. அது ரூபெல்லா என்று அவள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. பிறக்கும்போதே இரண்டு கண்ணிலும் புரை. மதுரையில் ஆபரேஷன் முடிந்து கண்ணாடி போட்டிருக்கிறோம். வெளிச்சமும், பளிச்சென்று இருக்கிற பெரிய பொருளும் தெரிகிற மாதிரிதான் இருக்கிறது. காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் பெரா டெஸ்டில் இரண்டு காதும் மிக மோசம் என்று வந்தது. ஹியரிங் எய்டு மாட்டினால் பிடுங்கி எறிகிறாள்.

பார்வையற்றோர் பள்ளியில் கேட்டால், காது கேட்காத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்கிறார்கள். காது கேளாதோர் பள்ளியில் கேட்டால், சைகையைப் பார்க்கக் கண் வேண்டுமே என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான், அதுதான் இன்னும் கோபமாக வருகிறது. மாமியார் வீட்டில் இன்னமும் கிரகணத்தன்று நான் வாசலுக்கு வந்த கதைதான் ஓடுகிறது.

ஆறுதல் வேண்டாம், அது நிறையக் கிடைத்துவிட்டது. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்த ஒரு அம்மாவிடம் பேச வேண்டும். நடுராத்திரி எழுந்து சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பகலெல்லாம் கண்ணை விரலால் அழுத்திக்கொண்டே இருக்கிறாள், இதெல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டா? மதுரை, சிவகங்கை பக்கம் யாராவது இருக்கிறீர்களா? இதற்கென்று குழு ஏதாவது உண்டா?

---

சிறுமலை எழுதியது:

தங்கச்சி, என் பையனுக்குப் பதினான்கு வயது, அவனுக்கும் ரூபெல்லாதான். நாங்கள் திண்டுக்கல். முதலில் கண் விஷயம். அழுத்தும்போது உள்ளே வெளிச்சம் மின்னுகிற மாதிரி இருக்கும், அதற்காகப் பார்வை குறைந்த பிள்ளைகள் நிறையப் பேர் செய்வார்கள், ஆனால் பழக்கம்தான் என்று விட்டுவிடாதே. ரூபெல்லா பிள்ளைகளுக்குக் கண் அழுத்த நோய் வர வாய்ப்பு உண்டு, புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கும் அப்படித்தான். வலியினாலும் அழுத்தலாம். அடுத்த தடவை போகும்போது பிரஷர் பார்க்கச் சொல். எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் கைக்கு வேறு வேலை கொடு. என் பையனுக்கு ஒரு பழைய சாவிக்கொத்து.

தூக்கமும் அப்படித்தான். வெளிச்சம் சரியாகத் தெரியாத பிள்ளைக்குப் பகல் எது, இரவு எது என்று உடம்புக்குச் சொல்ல ஆள் இல்லை. காலையில் எழுந்ததும் வெயிலில் உட்கார வைத்து, ராத்திரி படுப்பதற்கு முன் தினமும் ஒரே வரிசையில் குளியல், எண்ணெய், ஒரே போர்வை என்று கொண்டுவந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரியானது, இப்போதும் சில ராத்திரி சிவராத்திரிதான்.

அப்புறம் யார் அவளிடம் வந்தாலும் ஒரு அடையாளம் வேண்டும். நான் போனதும் என் வளையலை அவன் கையில் கொடுப்பேன், அவன் அப்பா தன் வாட்சைத் தொட வைப்பார், பாட்டிக்கு மூக்குக் கண்ணாடி. யாரோ ஒருவர் வந்து சொல்லாமல் கொள்ளாமல் தூக்கினால் எந்தப் பிள்ளைதான் கத்தாது? இதை எனக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை, கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு அம்மாதான் போனில் சொன்னார். நீ கேட்கிற குழு என்பது எனக்கு அந்த ஒரு போன்தான். மதுரையில் கண் செக்கப் இருக்கும்போது நாங்கள் சில குடும்பங்கள் ஒரே நாளாகப் பார்த்துத் தேதி வாங்கிக்கொள்வோம், ஆஸ்பத்திரி வராண்டாதான் எங்கள் சங்கக் கட்டடம். நீயும் வா.

---

வட்டார_வளமையம் எழுதியது:

நான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான சிறப்பாசிரியை. சிறுமலை அக்கா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

காது ஒரு இடம், கண் ஒரு இடம் என்று தனித்தனியாக அலையாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பல்வகைக் குறைபாடு என்ற பிரிவில் டெஃப்பிளைண்ட் (காதும் கண்ணும் சேர்ந்து பாதித்தவர்) என்று வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் குறைபாட்டைப் பரிசோதித்துச் சான்று தரும் முகாமில் கண் டாக்டர் கண்ணை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார், அட்டையும் அப்படியே வந்துவிடும். யூடிஐடி அட்டையில் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இரண்டும் சேர்ந்து பல்வகை என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால்தான் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு (ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை) வழி உண்டு. காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் கருவி வைக்கும் ஆபரேஷன்) முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும், ஆகவே அவளுக்குப் பொருந்துமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். செய்தாலும் மறுநாளே பேசிவிடுவாள் என்று எதிர்பார்க்க வேண்டாம், தொடுதல் வழியாகச் சொல்வதை அதற்காக நிறுத்தவும் வேண்டாம்.

இடம் என்று கேட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு நிறுவனம் இருக்கிறது. மயிலாப்பூரில் கிளார்க் பள்ளியில் டெஃப்பிளைண்ட் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அகமதாபாத்தில் 1997இல் தொடங்கிய சென்ஸ் இந்தியா நாடு முழுக்க உள்ளூர் அமைப்புகள் மூலம் வேலை செய்கிறது. பெற்றோருக்கு பிரயாஸ் என்றும், வளர்ந்த டெஃப்பிளைண்ட் ஆட்களுக்கு உடான் என்றும் அவர்களுக்கு வலையமைப்புகள் உண்டு. அவர்களிடம் உங்கள் மாவட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அவள் கையைப் பிடித்து இழுத்துச் செய்ய வைக்காதீர்கள். உங்கள் கை அடியில் இருக்கட்டும், அவள் கை மேலே இருக்கட்டும். பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்ள அவளுக்கு வழி இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் ஸ்பூன், குளியலுக்கு முன் சொம்பு, வெளியே போகும் முன் செருப்பு என்று கையில் கொடுங்கள். பதில் வர நேரமாகும், பொறுங்கள்.

---

டெல்டாக்காரன் எழுதியது:

ஒரு அப்பாவாகச் சொல்கிறேன், குழு எல்லாமே நல்லது என்று நினைத்துக்கொண்டு போய் விழாதீர்கள். நான் இருந்த ஒரு வாட்ஸப் குழுவில் இருநூறு பேருக்கு மேல். காலையில் குட் மார்னிங் ரோஜாப்பூ, மத்தியானம் ஸ்டெம் செல் விளம்பரம், ராத்திரி "எங்க பிள்ளை இன்னைக்கு இதைச் செஞ்சான்" வீடியோ. அதைப் பார்த்து என் மனைவி அழுவாள். கடைசியில் இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டோம். இப்போது இருக்கிற குழு ஆறு குடும்பம். ஃபார்வர்ட் போட்டால் தூக்கிவிடுவோம், பணம் கேட்டு விற்கிற எந்த வைத்தியமும் பேசக் கூடாது, அப்பாக்களும் இருந்தே ஆக வேண்டும். கடைசி விதிதான் ரொம்பக் கஷ்டம். நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டுவதோடு கடமை முடிந்தது என்று வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறோம், உள்ளே டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் தெரியாது.

கிரகணக் கதைக்கு: 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் எதற்காக நடந்தது, சூரியனுக்கா ஊசி போட்டார்கள் என்று உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். நீங்கள் வேண்டாம், உங்கள் வீட்டுக்காரரைக் கேட்கச் சொல்லுங்கள்.

---

அக்காவின்_தம்பி எழுதியது:

என் அக்காவுக்கு அஷர் சிண்ட்ரோம். பிறவியிலேயே காது கேட்காது, பதின்வயதில் இருட்டில் தடுமாற ஆரம்பித்தார், பிறகு பக்கத்துப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. எங்கள் அப்பா அம்மா மாமன் மகள், அத்தை மகன் உறவு. மரபு வழியில் வருகிறது என்று ஒரு வரி யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் அவரைச் சைகை கண்ணுக்கு நன்றாகத் தெரியும்போதே கையில் தொட்டுச் சைகை பழக வைத்திருக்கலாம்.

நான் சொல்ல வந்தது வேறு. பெற்றோர் குழுக்களில் எல்லாமே அம்மா அப்பா குரல்தான். அக்கா ஒரு கூட்டத்துக்கு வந்தபோது மூன்று பேர் என்னிடம்தான் "இவங்க சாப்பிட்டாங்களா" என்று கேட்டார்கள், அவர் கையிலேயே நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போது. வளர்ந்தவர்களையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் மகள் இருபது வயதில் என்ன ஆவாள் என்பது அவர்களிடம்தான் தெரியும். கூடப் பிறந்தவர்களையும் கூப்பிடுங்கள். "எங்களுக்குப் பிறகு நீதான்" என்று பத்து வயதுப் பையனிடம் சொல்வது சுலபம், எனக்குச் சொன்னார்கள். பதினெட்டு முடிந்ததும் கலெக்டர் தலைமையிலான கமிட்டியில் காப்பாளர் பதிவு செய்வது பற்றி எல்லாக் குழுவிலும் பேச்சு வரும். சில பிள்ளைகளுக்கு அது வேண்டும்தான், என் அக்காவுக்கு அது அவமானம். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

---

காரைக்குடி_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அட்டையை எடுத்துப் பார்த்தேன், பார்வைக் குறைபாடு என்று மட்டும்தான் இருக்கிறது. மாற்ற மறுபடியும் முகாமுக்குத்தான் போக வேண்டுமா? சிறுமலை அக்கா, கண் செக்கப் இந்த மாதம் கடைசியில், தனிச்செய்தியில் தேதி அனுப்பியிருக்கிறேன். ஹியரிங் எய்டு மட்டும் யாரும் சொல்லவில்லையே?

---

சிறுமலை எழுதியது:

முகாமுக்குக் காத்திருக்காதே, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பெரா ரிப்போர்ட்டையும் கண் ரிப்போர்ட்டையும் ஒன்றாகக் கொண்டு போ. எய்டை நாள் முழுக்க மாட்டாதே. ஊஞ்சல் ஆடும்போது, பிடித்த பலகாரம் சாப்பிடும்போது என்று அவளுக்குப் பிடித்த நேரத்தில் மட்டும் ஐந்து நிமிஷம், அவள் பிடுங்குவதற்கு முன் நீயே கழற்றிவிடு. சத்தம் ரொம்ப வைத்திருந்தாலும் பிடுங்குவார்கள், ஆடியாலஜிஸ்டிடம் அதையும் சொல். நூல் கட்டிச் சட்டையில் பின் பண்ணிவிடு, எங்கள் வீட்டு எய்டு ஒன்று இன்னும் கிணற்றில்தான் கிடக்கிறது.