அலாஸ்கா: கப்பலில் போவதா, சொந்தமாகத் தரைவழி சுற்றுவதா?

கொண்டல்:
வரும் ஜூனில் அலாஸ்கா என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எப்படிப் போவது என்பதில்தான் இழுபறி. அப்பா, அம்மா இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க முடியாது. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் 7 இரவு க்ரூஸ் போதும் என்கிறாள் மனைவி. எனக்கு ஆங்கரேஜில் கார் எடுத்துக்கொண்டு சீவர்ட் துறைமுகம், டெனாலி மலைப் பூங்கா என்று சொந்தமாகச் சுற்ற ஆசை. மொத்தம் 10 நாள் விடுப்பு. மகளுக்கு 10 வயது, திமிங்கிலம் பார்த்தால் போதும் அவளுக்கு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நங்கூரம்:
உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அம்மாவின் மூட்டை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

தென்கிழக்கு அலாஸ்காவின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். எங்கு பார்த்தாலும் தீவுகள், கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் மலைகள். மாநிலத் தலைநகரான ஜூனோவுக்கே வெளியூரிலிருந்து சாலை கிடையாது. விமானத்தில் போக வேண்டும், இல்லாவிட்டால் படகில். கெட்சிகனும் அப்படித்தான். அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் போகிற வழியே தண்ணீர்தான். காரை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

பெட்டியை ஒரு தடவை பிரித்து வைத்தால் கடைசிவரை அதே அறை. இரவு படுத்து விடிந்தால் அடுத்த ஊர். லிஃப்ட், சக்கர நாற்காலி, மருத்துவர், வேளாவேளைக்குச் சாப்பாடு எல்லாம் ஒரே இடத்தில். அம்மாவுக்கு ஒரு நாள் முடியவில்லை என்றால் பால்கனியில் உட்கார்ந்தே பனியாறு பார்க்கலாம். மற்றவர்கள் இறங்கிப் போய் வரலாம். தரைவழிப் பயணத்தில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் எல்லோரும் அறையிலேயே இருக்க வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: கிளேசியர் பே இருக்கும் வழித்தடமாகப் பார்த்து எடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அந்த தேசியப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். பூங்கா ரேஞ்சர்கள் கப்பலிலேயே ஏறிவந்து விளக்குவார்கள். ஒன்றரை கிலோமீட்டர் அகல மார்ஜரி பனியாற்றின் எதிரே கப்பல் நின்று மெதுவாகத் திரும்பும். எந்தப் பக்கத்து அறையில் இருந்தாலும் தெரியும்.

பாதசாரி:
நங்கூரம் சொன்ன பூகோளம் சரி. ஆனால் அது அலாஸ்காவின் ஓர் ஓரம். மீதி நிலத்தை அவர் தொடவே இல்லை.

இந்தக் குறிப்பிட்ட க்ரூஸில் நேரம் எப்படிப் போகிறது என்று முதலில் பாருங்கள். சியாட்டிலிலிருந்து போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள், இரண்டும் கடலிலேயே. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறையில் ஆட்களை ஏற்றி, வெளிநாட்டில் எங்கும் நிற்காமல், அமெரிக்கத் துறையில் இறக்கக் கூடாது. இந்தப் பெரிய கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அதற்காகவே கனடாவின் விக்டோரியாவில் ஒரு நிறுத்தம், பெரும்பாலும் கடைசி மாலையில் சில மணி நேரம். பனியாற்றுக்கு ஒரு நாள் போனால், அலாஸ்கா மண்ணில் கால் வைப்பது இரண்டு அல்லது மூன்று ஊர்களில்தான். ஓர் ஊருக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம், சில இடங்களில் அதுவும் இல்லை. கப்பல் கிளம்ப அரை மணி நேரம் முன்பே ஏறிவிட வேண்டும் என்பதையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் ஊர் எப்படி இருக்கும்? ஸ்காக்வேயில் நிலையாக வசிப்பவர்கள் சுமார் 1,200 பேர். கோடையில் ஒரே நாளில் அதைப்போலப் பல மடங்கு பேர் கப்பல்களிலிருந்து இறங்குகிறார்கள். 1898இல் தங்கம் தேடிப் போனவர்களுக்காகப் போடத் தொடங்கிய வெள்ளைக் கணவாய் ரயில் பாதை அங்கே இருக்கிறது. அருமையான பாதை, மறுக்கவில்லை. ஆனால் மொத்தக் கூட்டமும் அந்த ஒரே ரயிலுக்குத்தான் வரும்.

ஜூன் கடைசியில் ஆங்கரேஜில் பகல் 19 மணி நேரம். இரவு ஒன்பது மணிக்கு வெயிலடிக்கும்போது சாலையோரத்தில் மூஸ் என்னும் பெரிய மான் மேய்வதைப் பார்த்தால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேண்டிய மட்டும் நிற்கலாம். அந்தச் சுதந்திரம் எந்தக் கப்பலிலும் கிடைக்காது. 6,190 மீட்டர் உயர டெனாலி மலையும் கப்பலிலிருந்து தெரியாது. திமிங்கிலத்துக்கும் கவலை வேண்டாம்: சீவர்டிலிருந்து கெனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் பகல்நேரப் படகுகள் போகின்றன. திமிங்கிலம், கடல் சிங்கம், பஃபின் பறவை, கடலில் இடிந்து விழும் பனியாறு எல்லாம் ஒரே நாளில்.

நங்கூரம்:
கேட்க நன்றாக இருக்கிறது. எழுபது வயதுக்காரர்களை வைத்து இதைச் செய்து பார்ப்போம்.

ஆங்கரேஜிலிருந்து டெனாலி பூங்கா வாசல் 380 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தாலும் சொந்தக் காரில் 15 மைல் வரைதான் விடுவார்கள். அதற்கு மேல் பூங்காவின் பேருந்து, உட்கார்ந்தபடி ஐந்து மணி நேரம் அளவில். 2021 ஆகஸ்டில் நிலச்சரிவால் 43ஆவது மைலோடு பாதை மூடப்பட்டதிலிருந்து, பூங்காவின் உள்ளே தள்ளி இருக்கும் வொண்டர் ஏரி வரை பேருந்தே போவதில்லை. இவ்வளவும் செய்தபின் மலை மேகத்துக்குள் மறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கோடையில் மலையைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் நிறைய.

கெனாய் படகும் அப்படித்தான். பனியாறு வரை போகும் படகு ஆறு மணி நேரம் எடுக்கும். வளைகுடாவைத் தாண்டியதும் திறந்த கடல், அலை தூக்கிப் போடும். க்ரூஸ் போகும் உள்வழி நீர்ப்பாதை தீவுகளுக்கு நடுவே. அங்கே அவ்வளவு ஆட்டம் இல்லை.

பாதசாரி:
இதைத் திருத்தியே ஆக வேண்டும், கொண்டல் எடுக்கப்போகும் முடிவையே மாற்றக்கூடியது. உள்வழி நீர்ப்பாதையை முழுதாகப் பிடித்துப் போவது பெரும்பாலும் கனடாவின் வான்கூவரில் கிளம்பும் கப்பல்கள்தான். சியாட்டில் கப்பல்கள் பல, வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் போகின்றன. ஏறிய மறுநாளே ஆட்டம் ஆரம்பிக்கும். தலைச்சுற்றல் உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் கட்டாயம் வழித்தடத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

இறங்குவதும் நீங்கள் சொல்கிற அளவு சுலபம் இல்லை. அந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சில நாள் ஆறு மீட்டரைத் தாண்டும். நீர் ஏறி இறங்குவதற்கு ஏற்ப கப்பலிலிருந்து இறங்கும் சரிவுப் பலகை சில நேரம் செங்குத்தாக இருக்கும். மூட்டுவலிக்காரருக்கு அது மாடிப்படியைவிடக் கஷ்டம்.

தரைவழி என்றால் தினம் ஒரு ஹோட்டல் என்று அர்த்தம் கிடையாது. சீவர்டில் சில நாள், டெனாலி பக்கம் சில நாள், இரண்டே இடத்தில் தங்கலாம். கார் ஓட்டப் பிடிக்காவிட்டால் ரயில் இருக்கிறது. சீவர்டிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை 756 கிலோமீட்டர், 1923இல் முடிந்த பாதை. கூரைவரை கண்ணாடி போட்ட பெட்டியில் உங்கள் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து வரலாம். அலைக்குப் பயந்தால் சீவர்டை ஒட்டிய ரெசரெக்ஷன் வளைகுடாவுக்குள்ளேயே சுற்றிவிட்டு வரும் குறுகிய படகும் உண்டு. பனியாறுதான் அதில் கிடைக்காது. அதற்கு எக்ஸிட் பனியாறு: கெனாய் ஃபியோர்ட்ஸ் பூங்காவில் சாலை போய்ச் சேரும் ஒரே இடம். அருகில் போய்த் தொட முடியாது, தூரத்திலிருந்து பார்க்க நல்ல பாதை போட்டிருக்கிறார்கள்.

தேன்சிட்டு:
ரெண்டு பேரும் மூணாவது வழியைச் சொல்லவே இல்லையே! அரசாங்க ஃபெர்ரி இருக்கு. அலாஸ்கா மரைன் ஹைவேன்னு பேரு, 1963லேர்ந்து ஓடுது. வாஷிங்டன் மாநிலத்துல பெல்லிங்ஹாம்ல ஏறினா கெட்சிகன் போய்ச்சேர ஒன்றரை நாளுக்கு மேல ஆகும். மேல்தளத்துல கூடாரம் அடிச்சுத் தூங்குறவங்க உண்டு, காரையும் ஏத்திக்கலாம். உள்ளூர்க்காரங்க பல்லு வைத்தியத்துக்கும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கும் அதுலதான் போறாங்க. அவங்களோட உட்கார்ந்து பேசிட்டே போனா அந்த ஊர்கள் வேற மாதிரி தெரியும். எனக்கு அதுக்கு ஈடா எதுவும் இல்லை.

நங்கூரம்:
தனியாகவோ நண்பர்களோடோ போனால் நானும் அதைத்தான் சொல்வேன், தேன்சிட்டு. ஆனால் எல்லா ஊருக்கும் தினமும் ஃபெர்ரி கிடையாது. சில நேரம் நடுராத்திரியில் ஏற வேண்டும், இறங்க வேண்டும். 10 நாளுக்குள் பெரியவர்களோடு அது ஒத்துவராது.

தேன்சிட்டு:
அது சரிதான். ஆனா கூட்டத்தைப் பத்தி நீங்க வாயே திறக்கலையே சார். ஜூனோவுல சுமார் 32,000 பேர்தான். ஒரு நாளைக்கு அஞ்சு பெரிய கப்பலுக்கு மேல கூடாதுன்னு 2024லேர்ந்து வச்சிருக்காங்க. 2026லேர்ந்து பயணிகள் எண்ணிக்கைக்கும் வரம்பு: சாதாரண நாள்ல 16,000, சனிக்கிழமை 12,000. அந்த ஊர்க்காரங்க பேசிப் பேசிப் போட்ட வரம்பு இது, மதிக்கணும். கப்பல்தான்னு முடிவு பண்ணா, எந்தத் துறையில எந்த நாள் எத்தனை கப்பல் வருதுன்னு அட்டவணை முன்னாடியே வந்துடும். அதைப் பார்த்துத் தேதி எடுங்க, அண்ணா.

கொண்டல்:
இதெல்லாம் படித்தபின் வேறு மாதிரி யோசிக்கிறேன். வான்கூவரில் ஏறி சீவர்டில் இறங்கும் ஒருவழி க்ரூஸ் 7 இரவு, மீதி 3 நாள் டெனாலி. முடியுமா? அப்பா, அம்மா இருவரும் இந்தியக் கடவுச்சீட்டு. அமெரிக்க விசா இருக்கிறது, கனடா விசா இல்லை.

நங்கூரம்:
இது நல்ல யோசனை. வான்கூவரில் ஏறுவதற்குக் கனடா விசா கட்டாயம். சியாட்டில் கப்பலை எடுத்திருந்தாலும் விக்டோரியாவுக்காக அது தேவைப்பட்டிருக்கும், அங்கே இறங்காவிட்டாலும்கூட. அதனால் இப்போதே விண்ணப்பியுங்கள். அமெரிக்க விசா பலமுறை நுழைவதற்கானதா என்றும் பாருங்கள். வான்கூவர் துறையிலேயே அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை முடித்துவிடுவார்கள்.

சீவர்டுக்குப் பிறகு உள்ள 3 நாளையும் கப்பல் நிறுவனத்தின் தரைவழித் தொகுப்பாகவே எடுத்துவிடுங்கள். லக்கேஜை அறை வாசலில் வைத்தால் அடுத்த விடுதி அறையில் இருக்கும். பெரியவர்களோடு போகிறவருக்கு இது பெரிய உதவி.

பாதசாரி:
ஒருவழிக் கப்பலை நானும் ஏற்கிறேன். அந்தத் தொகுப்பை ஏற்கவில்லை. எப்போது எழுந்திருக்க வேண்டும், எந்த ரயில், எந்த விடுதி எல்லாம் அவர்கள் கையில். அந்த விடுதிகளும் பூங்கா வாசலில் கூட்டம் மொய்க்கும் இடத்திலேயே இருக்கும். அம்மா காலையில் சற்று மெதுவாகக் கிளம்ப நினைத்தால்கூட வழி இருக்காது.

அதைவிட முக்கியம், அந்த 3 நாளில் டெனாலி வேண்டாம். சீவர்டிலிருந்து ஆங்கரேஜுக்கு ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து டெனாலிக்கு ஏழரை மணி நேரம். திரும்ப ஏழரை. நடுவில் பேருந்தில் ஐந்து. 3 நாளும் உட்கார்ந்தே கழியும். டெனாலிதான் வேண்டும் என்றால் கப்பலை விட்டுவிட்டு 10 நாளையும் தரைக்குக் கொடுங்கள்.

கப்பல்தான் என்றால் டால்கீட்னாவில் தங்குங்கள். ஆங்கரேஜிலிருந்து ரயிலில் சுமார் 3 மணி நேரம், சின்ன ஊர், டெனாலி ஏறப்போகிறவர்கள் கிளம்பும் இடம். வானம் தெளிவாக இருந்தால் ஆற்றங்கரையிலிருந்தே மலை தெரியும். அங்கிருந்து சின்ன விமானங்கள் மலையைச் சுற்றிக் காட்டுகின்றன. சிலவற்றில் பனியாற்றின்மேலேயே இறக்குவார்கள். அம்மா நடக்கவே வேண்டியதில்லை.

நங்கூரம்:
டால்கீட்னா சரி, ஏற்கிறேன். ஆனால் மேகமிருந்தால் விமானம் பறக்காது. அதற்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளட்டும்.

பாதசாரி:
ஆமாம், அங்கே இரண்டு இரவு. முதல் நாள் பறக்கவில்லை என்றால் மறுநாள் காலை. கொண்டல், மகளின் திமிங்கிலத்தை ஜூனோவிலேயே முடித்துவிடுங்கள். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாயில் கழித்துவிட்டு, கோடையில் இரை தேடி அந்தப் பக்கம்தான் வருகின்றன. ஆக் விரிகுடாவிலிருந்து கிளம்பும் சிறிய படகாகப் பாருங்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவாக எடுத்தால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். வெளியே எடுத்தால் காத்திருக்காது, திரும்ப இரண்டு மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டல்:
அம்மாவிடம் பனியாற்றின்மேல் விமானம் இறங்கும் என்று சொன்னேன். எத்தனை பேர் ஏறலாம், சன்னலோரம் கிடைக்குமா என்று கேட்கிறார். கனடா விசா விண்ணப்பத்தை இன்று இரவே ஆரம்பிக்கிறேன். வான்கூவரிலிருந்து கிளம்பும்போது இடப்பக்க அறையா, வலப்பக்க அறையா?

நங்கூரம்:
வடக்கே போகும்போது வலப்பக்கம். அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும் நாளில் கரை அந்தப் பக்கம்தான் தெரியும். நடுத்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். ஆட்டமும் குறைவு, அம்மாவுக்கு நடையும் குறைவு.