மறு: ட்ரொப்புக்கு ‘வீழ்ச்சி’ வேண்டாம்

> ட்ரொப் = வீழ்ச்சி, பில்ட்-அப் = ஏற்றம் எண்டு போடுவம். லேசா விளங்கும்.

அண்ணை, எலெக்ட்ரொனிக் நடனப் பாட்டைப் பற்றி எழுதத் தமிழ்ச்சொல் தேடுறம், நீங்கள் சொன்னது விளங்கும்தான், ஆனா பிழையா விளங்கும். வீழ்ச்சி எண்டா எனக்குப் பங்குச்சந்தைதான் ஞாபகம் வருது, அதுவரைக்கும் பில்டர் போட்டு வெட்டி வச்சிருந்த பேஸும் (கீழ்த்தொனி) கிக்கும் (பெரிய மேள அடி) திரும்பி வாற இடமெல்லோ ட்ரொப், சனம் துள்ளுறதே அதுக்குத்தான். ட்ரொப்புக்கு முதல் பரபரப்பைக் கூட்டுற பில்ட்-அப்புக்கு ஏற்றமும் அரைவாசிதான் சரி. சுருதி ஏறும், ஓம், ஆனா கீழ்த்தொனி குறையும், ஸ்நேர் (சின்ன மேளம்) ஒரு கிக்குக்கு ஒண்டு, பிறகு ரெண்டு, நாலு, எட்டு எண்டு இடைவெளி பாதி பாதியாச் சுருங்கும். எங்கட கோயில் மேளக்கச்சேரியில ரெண்டு தவில்காரரும் மாறி மாறி வாசிச்சு, எட்டாவர்த்தனம் (எட்டுத் தாளச் சுற்று) நாலாகி, ரெண்டாகி, ஒண்டாகி, பிறகு கோர்வை (முடிக்கிற தாளக்கட்டு) வச்சு எடுப்பில, பாட்டுத் தொடங்கிற இடத்தில, கொண்டுவந்து விடுகினமே, அதுக்குக் குறைப்பு எண்டு பேர் ஏற்கெனவே கிடக்கு. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி தவில் வாசிச்ச மண்ணில இருந்துகொண்டு ஏன் அகராதி பிரட்டுறம்?

என்ர முன்மொழிவு: பில்ட்-அப் = குறைப்பு, ட்ரொப் = அடியெடுப்பு. வெறும் எடுப்பு எண்டு விட்டா, ‘ஆள் சரியான எடுப்பு’ எண்டு பெடியள் நக்கலடிப்பாங்கள். அடி எண்டா தாளத்தின்ர அடியும் ஆச்சு, கீழ்ப்பக்கமும் ஆச்சு.

> ரெண்டும் சேர்ந்துதானே வரும், ஒரு சொல் காணாதோ?

காணாது தங்கச்சி. நாங்கள் விமர்சனம் எழுத எடுத்த அல்பத்தையே பாருங்கோ, லெஃப்ட்ஃபீல்ட் எண்ட இங்கிலாந்து இசைக்குழுவின்ர முதல் அல்பம், 1995இல வந்த ‘லெஃப்டிசம்’, ஹவுஸ், டெக்னோ எண்ட நடன இசை வகையளும், ரெகே பாட்டை மிக்ஸரில மாத்திச் செய்யிற டப்பும் எல்லாம் அதுக்குள்ள ஒண்டாக் கிடக்கு. ஹவுஸ், டெக்னோவில நீங்கள் சொல்லுற மாதிரிச் சேர்ந்து வரும். டப்பின்ர கதை வேற, 1970களில ஜமெய்க்காவின்ர கிங்ஸ்டனில கிங் டபி எண்ட ஒலிப்பதிவுப் பொறியியலாளர் மிக்ஸரில பேஸை மூடிப்போட்டு நினைச்ச நேரம் திறந்து விடுவார், குறைப்பு ஒண்டும் இல்லை, சொல்லாமக் கொள்ளாம அடியெடுப்புத்தான். ஒரே சொல்லில ரெண்டையும் கட்டினா டப் பாட்டைப் பற்றி ஒரு வசனம் எழுதேலாது.

வினையாவும் வரவேணும் கண்டியளோ. ‘மூண்டாவது நிமிசத்தில பாட்டு அடியெடுக்குது’, வாயில நிக்குது. ‘வீழ்ச்சியடைகிறது’ எண்டு ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ, செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும்.

பிரேக்டவுன்தான், மேளம் நிண்டு பாட்டு அடங்கிற இடம், இன்னும் மிச்சம். ‘தணிவு’ எண்டு ஒண்டு வச்சிருக்கிறன், எனக்கே பிடிக்கேல்ல, ஆரும் நல்லதா ஒண்டு தாங்கோ.