அன் ஸ்பிடேலில் வீடு: ஐரிஷ் மொழி நிபந்தனை, பள்ளி, பயணம்

புதுக்குடி கேட்டது:
அயர்லாந்தின் கால்வே நகரில் வேலை. மேற்கே சுமார் 18 கி.மீ. தள்ளி, அன் ஸ்பிடேலில் (ஸ்பிடல்) வீடு பார்க்கிறோம். ஐரிஷ் தெரிந்தவர்களுக்குத்தான் சில வீடுகளை விற்பார்களாம். எல்லா வீட்டுக்கும் அப்படியா? குழந்தைக்கு மூன்று வயது, வீட்டில் பேசுவது தமிழ். அங்கே சமாளிக்க முடியுமா?

கல்சுவர்:
எல்லா வீட்டுக்கும் கிடையாது. அன் ஸ்பிடேல் கேல்டாக்ட் பகுதி, அதாவது ஐரிஷ் புழங்கும் பகுதி என்று அரசு அங்கீகரித்த ஊர். அங்கே மொழியைக் காக்கும் நோக்கம் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வளர்ச்சித் திட்டத்தில் இருந்தாக வேண்டும் என்கிறது 2000-ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம். அதனால் புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி தரும்போது, அவற்றில் ஒரு பங்கை ஐரிஷ் பேசுவோருக்கு 15 ஆண்டுகள் ஒதுக்கி வைப்பார்கள். பழைய தனி வீடுகளில் பெரும்பாலும் இது இருக்காது.

முன்பணம் கட்டுமுன் வீட்டின் திட்ட அனுமதி எண்ணை வாங்கி, கவுன்டி கவுன்சில் இணையதளத்தில் நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். அந்தச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு ஒப்பந்தம், அதாவது வீட்டின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த கவுன்சிலோடு செய்த ஒப்பந்தம், ஏதும் உண்டா என்று வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள். ஏஜென்டின் வாய்ச்சொல் போதாது. இதைத் தவறவிட்டால் பின்னால் விற்கும்போது சிக்கும்: வாங்க வருபவரும் மொழித் தகுதியைக் காட்ட வேண்டும், கடன் தரும் வங்கியும் கேள்வி கேட்கும்.

தகுதி என்பது வழக்கமாக பி2 நிலை, அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஓரளவு தடையின்றி உரையாடும் நிலை. மேனூத் பல்கலைக்கழகம் நடத்தும் டெக் (TEG) என்ற ஐரிஷ் மொழித் தேர்வில் அதைப் பெறலாம். பேச்சு, கேட்டல், வாசிப்பு, எழுத்து நான்கும் உண்டு. அடிப்படையிலிருந்து தொடங்குபவர் சில மாதங்களில் பி2-ஐ எட்ட முடியாது.

அலையோசை:
பள்ளி பற்றி. முதலில் நீயன்ரா, அதாவது ஐரிஷ் வழி மழலையர் பள்ளி. இப்போதே பதிவு செய்யுங்கள். கேல்டாக்ட் பள்ளி என்ற அங்கீகாரம் பெற்ற தொடக்கப்பள்ளிகளில் முதல் இரண்டு ஆண்டுகள் முழுக்க ஐரிஷ்தான், ஆங்கிலப் பாடம் அதற்குப் பிறகு. நீயன்ராவுக்குப் போகாமல் நேரே வகுப்பில் உட்காரும் குழந்தை முதல் சில மாதம் திணறும்.

வீட்டில் தமிழை விடாதீர்கள். அரைகுறை ஐரிஷில் பிள்ளையிடம் பேசுவதைவிட நல்ல தமிழ் எவ்வளவோ மேல். தெருவில் நீங்கள்தான் ஐரிஷில் தொடங்க வேண்டும். ஐந்து பேர் ஐரிஷில் பேசும் இடத்தில் தெரியாத ஒருவர் சேர்ந்தால், மரியாதைக்காக ஐவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். நகரத்துக்குப் போய்வரும் குடும்பங்கள் பெருகும் ஊரில் மொழி தேய்வது இப்படித்தான். நலம் விசாரிக்க, அந்த மேற்குக் கால்வே வட்டாரமான கானமாராவின் பேச்சுவழக்கைக் கற்றுக்கொள்ளுங்கள்: 'கே ஹீ வில் தூ?' பாடநூல்களில் வரும் 'கொனஸ் அதா தூ' தெற்கே மன்ஸ்டர் வழக்கு. புரியும், ஆனால் அந்த ஊர்ப் பேச்சு இல்லை.

மீத்வாசி:
நகரத்திலிருந்து தொலைவாக இருப்பது மட்டுமே மொழியைக் காக்காது. டப்ளினுக்குப் போய்வரும் தூரத்திலேயே, மீத் கவுன்டியில் ராக் கார்ன் என்ற ஐரிஷ் பேசும் ஊர் இருக்கிறது. 1935-இல் கானமாராவிலிருந்து 27 குடும்பங்களை அரசின் நில ஆணையம் அங்கே குடியமர்த்தி, குடும்பத்துக்குச் சுமார் 22 ஏக்கரும் வீடும் கொடுத்தது. கேல்டாக்ட் அங்கீகாரம் வந்ததோ 1967-இல், அதுவும் போராடித்தான். 1937-இல் அதே கவுன்டியில் உருவான பால்யா கிப் என்ற ஊரில் ஐரிஷ் அவ்வளவு ஊன்றவில்லை. பல கவுன்டிகளிலிருந்து வெவ்வேறு வட்டார வழக்கோடு வந்தவர்கள் அவர்கள். ஒரே வழக்குப் பேசும் சுற்றமாக வந்ததுதான் ராக் கார்னைக் காப்பாற்றியது என்பேன்.

புதுக்குடி:
நன்றி. தினப் பயணம் எப்படி?

கல்சுவர்:
கடலோரச் சாலை ஆர்336 ஒன்றுதான் நேர்வழி. காலையில் வழியில் உள்ள பேர்னா ஊரிலிருந்து நகர எல்லைவரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். 424 எண் பஸ்ஸும் அதே நெரிசலில்தான் நிற்கும். கேல்டாக்ட் ஊர்ப் பலகைகள் 2005 முதல் ஐரிஷில் மட்டும். திரும்பும்போது கால்வேக்கு 'கால்யிவ்' என்றே எழுதியிருக்கும். 'கேல் ஷ்லீ' என்று கண்டால் வழிவிடுங்கள், 'கோ மால்' என்றால் வேகத்தைக் குறையுங்கள்.