பிக்மேலியன் (1938) பார்த்தவங்க இருக்கீங்களா? அந்த செருப்பு சீன் இன்னும் மண்டைக்குள்ளயே நிக்குது

நைட்ஷிப்ட்_நந்தினி
கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, பூ விக்கிற எலைசா, உச்சரிப்பு வாத்தியார் ஹிக்கின்ஸ், அவளைப் பெரிய இடத்துப் பொண்ணு மாதிரி பேச வைக்கிறேன்னு அவன் போடுற பந்தயம், அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். டிகிரி முடிச்ச கையோட ஒரு கால் சென்டர்ல சேர்ந்தேன், ட்ரெய்னிங்ல இந்தப் படத்துல இருந்து கோலிக்குண்டு சீனை மட்டும் போட்டுக் காட்டினாங்க. வாய் நிறைய கோலிக்குண்டை அடைச்சுப் பேச வைப்பான், அவ ஒண்ணை முழுங்கிட்டேன்னு பதறுவா, அவன் அலட்டிக்காம என்கிட்ட இன்னும் நிறைய இருக்கும்பான். க்ளாஸே சிரிச்சுது. எனக்கு அங்க பேரு டயானா. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பெரிய கஸ்டமர் காலை நல்லபடியா முடிச்சேன், ட்ரெய்னரும் டீம் லீடரும் என் தலைக்கு மேல கை நீட்டி ஒருத்தருக்கொருத்தர் கை குடுத்துக்கிட்டாங்க, நான் ஹெட்செட்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நடுவுல உக்காந்திருக்கேன்.

பல வருஷம் கழிச்சு முழுப் படத்தையும் பார்த்தேன். பார்ட்டி முடிஞ்சு வீட்டுக்கு வர்றாங்க, ஹிக்கின்ஸும் அவனோட பந்தயம் கட்டின நண்பர் பிக்கரிங்கும் மாத்தி மாத்தி பாராட்டிக்கிறாங்க, அப்பாடா முடிஞ்சுதுங்கிறாங்க, எலைசாவா நடிச்ச வெண்டி ஹில்லர் அந்த கவுனோட ஓரமா நிக்குது, மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. அப்புறம் அவன் செருப்பைத் தேடிக்கிட்டு வர்றான், தூக்கி வீசுது பாருங்க. எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்துதான் மிச்சத்தைப் பார்த்தேன்.

சும்மா_ஒரு_ரசிகன்
இது மை ஃபேர் லேடி கதைதானே? அதுல பாட்டெல்லாம் இருக்கும், கலர் வேற. இதை எதுக்கு பார்க்கணும்?

தக்கலைக்காரன்
@சும்மா_ஒரு_ரசிகன் அண்ணே, அது 1964, இது அதுக்கு 26 வருஷம் முந்தி. உச்சரிப்புப் பயிற்சிக்கு வர்ற அந்த "ரெயின் இன் ஸ்பெயின்" வரியே இந்தப் படத்துக்காக சேர்த்ததுதான், பெர்னார்ட் ஷா எழுதின மூல நாடகத்துல கிடையாது. மியூசிக்கல் இங்க இருந்துதான் எடுத்துச்சு.

என் கதை சின்னது. லண்டன் வந்த புதுசு, கோவன்ட் கார்டன்ல திடீர்னு மழை, செயின்ட் பால்ஸ் சர்ச் தூண்களுக்கு அடியில ஒதுங்கினேன். (பெரிய கதீட்ரல் இல்ல, அதே பேர்ல இருக்கிற சின்ன சர்ச்.) கதை தொடங்குறதே அங்கதான், மழைக்கு ஒதுங்கின கூட்டத்துல யாரு வாயைத் தொறந்தாலும் நீ இந்த ஊரு, நீ அந்தத் தெருன்னு ஹிக்கின்ஸ் சொல்லிக்கிட்டே இருப்பான். இதெல்லாம் நாடகத்துல நடக்கும், நெஜத்துல எவன் கண்டுபிடிப்பான்னு நெனச்சுக்கிட்டேன். அதே வாரம் ஈஸ்ட் ஹாம்ல ஒரு கடையில முறுக்கு பாக்கெட் என்ன வெலைன்னு கேட்டேன், அவ்ளோதான், பின்னாடி கியூல நின்ன பெரியவர் "தம்பிக்கு நாரோயில் பக்கமா, இல்ல தக்கலையா?"ன்னாரு. சென்னையில ஆறு வருஷம் இருந்து எல்லாத்தையும் தொடச்சுட்டேன்னு நெனச்சிருந்தேன். திரும்பிப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு, ஏன்னுதான் இன்னிக்கு வரைக்கும் புரியல. அவர் பாசமாத்தான் கேட்டாரு.

பழையபட_பைத்தியம்
எங்க பார்த்தாலும் இதை ரொமான்டிக் காமெடிங்கிறாங்க, அங்கதான் எனக்குக் கோவம் வருது. பெர்னார்ட் ஷா இதைக் காதல் கதையா எழுதவே இல்ல. 1914ல லண்டன்ல மேடையேறினப்போ ஹிக்கின்ஸா நடிச்ச ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ கடைசியில எலைசாவுக்குப் பூ தூக்கிப் போட்டு அதைக் காதலாக்கிட்டாரு, ஷாவுக்கு வந்த கோவத்துல 1916ல நாடகத்துக்குப் பின்கதையே எழுதி, எலைசா கல்யாணம் பண்றது ஃப்ரெட்டியை, ரெண்டு பேரும் பூக்கடை வைக்கிறாங்கன்னு அடிச்சு சொல்லிட்டாரு. அப்படியும் விடல! படத்துல தயாரிப்பாளர் கேப்ரியல் பாஸ்கல் டீம் அவளை ஹிக்கின்ஸ் வீட்டுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. இதுல கூத்து என்னன்னா படத்துல ஃப்ரெட்டியா வர்ற டேவிட் ட்ரீ யாருன்னு நெனைக்கிறீங்க, அந்தப் பூ போட்ட ட்ரீயோட பேரன். தாத்தா ஒரு தடவை கெடுத்தாரு, பேரன் பொண்ணைக் கோட்டை விட்டான்.

எனக்கு நடந்ததுன்னு சொன்னா, இதே சண்டையை கல்யாணம் ஆன புதுசுல வீட்டம்மாகிட்ட போட்டேன். "அவ திரும்பி வந்தா நல்லதுதானே"ன்னாங்க. ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல.

நைட்ஷிப்ட்_நந்தினி
@பழையபட_பைத்தியம் திரும்பி வந்ததும் அவன் என்ன சொல்றான்? "என் செருப்பு எங்க தொலைஞ்சுது எலைசா?" இதுக்கு அவ வராமலே இருந்திருக்கலாம்.

பழையபட_பைத்தியம்
அதையேதாம்மா நானும் சொல்றேன், நான் சொல்றது உங்களுக்குப் புரியலன்னு நெனைக்கிறேன்.

மணி_டெக்
முதல் தடவை பார்த்தப்போ பாதியில தூங்கிட்டேன், அதுக்குக் காரணம் படம் இல்ல, பிரிண்ட். அதனால புதுசா பார்க்கப்போறவங்களுக்கு சொல்றேன், நெட்ல ஓசியில கிடைக்கிற காப்பி எதையும் தொடாதீங்க, கொரகொரன்னு இருக்கும். இது முழுக்க காதால பார்க்க வேண்டிய படம், சவுண்ட் கெட்டா எல்லாம் போச்சு, ரீஸ்டோர் பண்ண டிஸ்க் இருக்கு, அதை வாங்குங்க. ஹெட்ஃபோன் போடுங்க, ஸ்பீக்கர் வேணாம். முதல் தடவை சப்டைட்டிலோட, ரெண்டாவது தடவை இல்லாம. எடிட்டிங்கைக் கவனிங்க, எலைசாவுக்குப் பாடம் எடுக்கிற இடமெல்லாம் தட் தட்னு வெட்டி வெட்டி ஓடும், எடிட்டர் டேவிட் லீன், ஆமா பின்னாடி லாரன்ஸ் ஆஃப் அரேபியா எடுத்த அதே ஆளு. டைரக்‌ஷன் அந்தோனி ஆஸ்க்வித்தும் லெஸ்லி ஹோவர்டும் சேர்ந்து, ஹிக்கின்ஸா நடிச்ச ஹீரோவே பாதி டைரக்டர். திரைக்கதைக்கு ஆஸ்கார் வந்துச்சு, ஷாவுக்கு ஏற்கெனவே 1925க்கான நோபல் இருந்ததால நோபல், ஆஸ்கார் ரெண்டும் வாங்கின முதல் ஆள் அவர்தான், ஆனா மனுஷன் ஆஸ்காரை அவமானம்னுட்டாரு. அப்புறம் ரூம்ல லைட்டை அணைச்சுடுங்க. பாப்கார்ன் வேணாம், கொறிக்கிற சத்தத்துல வசனம் போயிடும்.

தக்கலைக்காரன்
யாரும் கேக்கலையே மணி 😄

வாத்தியார்_வீட்டுப்பொண்ணு
எங்கப்பா காலேஜ்ல இங்கிலீஷ் எடுத்தவர், பிக்மேலியன் பாடமாவே நடத்தியிருக்காரு. வீட்டுல "சனியன்"கிற வார்த்தை கூட வாயில வராது. போன வருஷம் அவருக்கு உடம்பு முடியாம இருந்தப்போ போட்டுவிட்டேன், கண்ணை மூடிக்கிட்டிருந்தாரு, தூங்கிட்டாருன்னு நெனச்சேன். அந்த டீ விருந்து சீன், எலைசா கிளம்புறா, பார்க் வழியா நடந்தா போறீங்கன்னு ஃப்ரெட்டி கேக்கிறான். அவ வாயைத் தொறக்கிறதுக்குள்ள அப்பா கண்ணைத் தொறக்காமலே, கணீர்னு, "நாட் ப்ளடி லைக்லி!" அம்மா அடுக்களையில இருந்து ஓடி வந்து "என்னாச்சு, எங்க வலிக்குது?"ங்கிறாங்க. 1938ல இங்கிலாந்துல தியேட்டர்ல "ப்ளடி"ங்கிற இந்தக் கெட்ட வார்த்தை வந்ததே பெரிய விஷயமாம், எங்க வீட்டுல அதுக்கு மேல. அவர் திரும்பத் தூங்கிட்டாரு. ஹிக்கின்ஸ் மாதிரி ஆளுங்களைத் திட்டுறீங்க, எனக்கு மட்டும் அவனைப் பார்த்தா அப்பா ஞாபகம்தான் வருது, என்ன பண்ண.

பழையபட_பைத்தியம்
@வாத்தியார்_வீட்டுப்பொண்ணு லெஸ்லி ஹோவர்டையே பாருங்க, ஆங்கிலேயன்னா இப்படித்தான் இருப்பான்னு உலகமே நம்பின ஆளு, அப்பா ஹங்கேரி யூதர், குடும்பப் பேரு ஸ்டைனர். பாஸ்கலும் ஹங்கேரிக்காரர். படத்துல அந்த மீசைக்கார உச்சரிப்பு நிபுணர் எலைசா பேச்சை மோப்பம் பிடிச்சுட்டு, இவ்வளவு சுத்தமா இங்கிலீஷ் பேசினா இவ இங்கிலீஷ்காரியே இல்ல, ஹங்கேரி இளவரசின்னு சொல்வான்ல, அந்த சீன்ல நான் மட்டும் தனியா சிரிப்பேன்.

நைட்ஷிப்ட்_நந்தினி
நான் செருப்பு சீன்னுதான் ஆரம்பிச்சேன், ஆனா எழுத எழுத வேற ஒண்ணு ஞாபகம் வருது. கடைசியில அவ முதல் நாள் பேசின பேச்சை அவன் ரெக்கார்டுல கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பான்ல. எங்க கால் எல்லாமும் ரெக்கார்ட் ஆகும். வேலையை விட்டுக் கிளம்புற அன்னிக்கு கேக் வெட்டினப்புறம் என் முதல் வார கால் ஒண்ணைத் தேடி எடுத்து ஸ்பீக்கர்ல போட்டாங்க. எங்க ஊரு இழுவையோட, மூச்சு வாங்கிக்கிட்டு, ஒவ்வொரு வரிக்கும் சாரி சாரின்னு ஒரு பொண்ணு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன், கையில கேக்கை வச்சுக்கிட்டு.

சும்மா_ஒரு_ரசிகன்
சரி பார்க்கிறேன். தமிழ் சப்டைட்டில் யாருகிட்டயாச்சும் இருக்கா?