"சாப்பிட்டீங்களா" என்றால் "இல்லை" என்கிறார்கள், ஆனால் இட்லி சாப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் ஊரில் எந்த வேளைக்கு என்ன பெயர்?

மலர்_லேப்:

எல்லோருக்கும் வணக்கம். நான் தாம்பரம் பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கெல்லாம் சுகர் பார்க்க ஆட்கள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். வெறும் வயிறு என்றால் கடைசியாக வாயில் போட்டு குறைந்தது 8 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சாப்பிட்டீங்களா?" சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன வாரம் ஒரு பெரியவர் "இன்னும் சாப்பிடலம்மா" என்று கையை நீட்டினார். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பு தேடும்போது, "கிளம்புறப்போ மருமக ரெண்டு இட்லி குடுத்துச்சு, அதோட வந்துட்டேன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சாப்பாடு என்றால் சோறு, இட்லி டிபன் கணக்கில் போய்விடும். அதற்கு மறுநாள் ஒரு அம்மா "காப்பி குடிச்சாச்சு" என்றார், வெறும் காப்பிதானே என்று நினைத்தால், கூட வந்த மகள் "அம்மாவுக்கு நாகர்கோவில், காப்பின்னா காலைச் சாப்பாடு" என்று விளக்கம் சொன்னாள்.

இதனால் மருந்தே மாறிப்போகலாம் என்பதால்தான் இங்கே கேட்கிறேன். காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று ஒவ்வொரு வேளைக்கும் உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? பாடப்புத்தகச் சொல் வேண்டாம், வீட்டில் பாட்டி பேசுகிற சொல்தான் வேண்டும். கவுன்டரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தாள் எழுதி ஒட்டலாம் என்று இருக்கிறேன்.

தோவாளைக்காரன்:

அக்கா, அந்த அம்மா சொன்னது சரிதான். எங்கள் பக்கம் "காப்பி குடிச்சாச்சா" என்று கேட்டால் புட்டும் பயறும் பப்படமும், அல்லது ஆப்பமோ தோசையோ சாப்பிட்டாயா என்றுதான் அர்த்தம். காப்பியே குடிக்காதவன்கூட "காப்பி குடிச்சாச்சு" என்பான். கல்யாண வீட்டுக்குக் கூப்பிடும்போதும் "காலையில காப்பிக்கே வந்துருங்க" என்பார்கள், அங்கே போனால் இலை போட்டுப் பரிமாறுவார்கள். 1956 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள் இல்லையா, எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் காலைச் சாப்பாட்டுக்கு இதே பேச்சு உண்டு. சாயங்காலம் என்றால் சாயாவும் கடியும். கடி என்பது வடை, பழம்பொரி, போண்டா எதுவாகவும் இருக்கலாம். எங்கள் ஆட்களிடம் "காப்பியோட என்ன சாப்பிட்டீங்க" என்று அடுத்த கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள், உடனே புட்டு வெளியே வந்துவிடும்.

வைகைக்கரை:

ராமநாதபுரம் பக்கம், பரமக்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். பெரியவர்களுக்கு எல்லா வேளையும் கஞ்சிதான். அதாவது வாயால் சொல்வது கஞ்சி. என் அப்பத்தா மதியம் சோறு, மீன் குழம்பு, அவிச்ச முட்டை எல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டு, வாசலில் போகிறவர் கேட்டால் "இப்பத்தான் கஞ்சி குடிச்சேன்" என்று சொல்லும். வயக்காட்டில் கூலி வேலை பார்த்த காலத்துப் பேச்சு அது, "கஞ்சி வேளை" என்றால் வேலையை நிறுத்திக் கரையேறுகிற நேரம், அது பத்து மணியோ பன்னிரண்டோ. கடிகாரத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அதனால் கஞ்சி என்று சொன்னால் ஏதோ நீர்த்த ஆகாரம் என்று லேபில் எழுதிவிடாதீர்கள். நிஜமாகவே நீராகாரம் மட்டும் குடித்திருந்தால் "நீச்சத்தண்ணி" என்று தனியாகச் சொல்வார்கள். அதுவும் சோற்றுத் தண்ணிதான் என்பதால் உங்கள் கணக்குக்கு அதுவும் ஆகாது.

இதெல்லாம் போக ஒன்று சொல்லணும். "பச்சைத்தண்ணி பல்லுல படல" என்று வருகிறவர்கள் இருப்பார்கள். வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று நினைத்து வறண்டுபோய் வருவார்கள், நரம்பே கிடைக்காது. அவர்களுக்கும் தாளில் ஒரு வரி போடுங்கள்.

குடந்தை_மாமி:

மலர், நீ விரதத்தைச் சேர்க்க மறந்துடாதேம்மா. கும்பகோணம் பக்கம் எங்கள் அகத்தில் அமாவாசை ராத்திரி, கிருத்திகை, சஷ்டி எல்லாம் "இன்னிக்குப் பலகாரம்" என்றுதான் சொல்வோம். பலகாரம் என்றால் சோறு கிடையாது, ஆனால் ரவா உப்புமாவோ அடையோ வயிறு நிறையத்தான் சாப்பிடுவோம். "விரதம், ஒண்ணும் சாப்பிடலை" என்று ஒருத்தி வந்து உட்கார்ந்தால் நீ வெறும் வயிறு என்று எடுத்துக்கொள்வாய். ஒருபொழுது இருக்கிறவளோ ஒரு வேளை சாப்பிட்டிருப்பாள்.

அதே பலகாரம் ஊருக்கு ஊர் வேறே மாதிரி. தீபாவளிக்குச் செய்கிற முறுக்கும் அதிரசமும்தான் சிலருக்குப் பலகாரம். காரைக்குடிப் பக்கத்தில் நாலு மணிக்குச் சாப்பிடுவது இடைப்பலகாரம், கந்தரப்பமோ சீயமோ இருக்கும்.

இன்னொன்று, அதுதான் எனக்கு ரொம்பக் கவலையாக இருக்கிறது. இரண்டாவது தடவை ரத்தம் கொடுக்க "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்கோ" என்று சொல்லி அனுப்புவீர்கள் அல்லவா, வயசானவர்கள் அதைச் சோறு என்று எடுத்துக்கொண்டு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பன்னிரண்டு மணி வரைக்கும் காத்திருப்பார்கள். சுகர் மாத்திரை போடுகிறவர் அப்படிப் பட்டினி இருந்தால் மயக்கம் வந்துவிடும். "இட்லியோ தோசையோ, எப்பவும் காலையில சாப்பிடறதைச் சாப்பிடுங்கோ" என்று பெயரைச் சொல்லியே அனுப்பு.

கணினிப்பித்தன்:

எதற்கு இத்தனை பேச்சு? "காலை உணவு", "மதிய உணவு", "இரவு உணவு" என்று கேட்டால் முடிந்தது. எல்லா ஊருக்கும் பொதுவான சொல்.

வகுப்பறை:

@கணினிப்பித்தன், எழுதும்போது பொது, பேசும்போது யாரும் சொல்வதில்லை. நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார், இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் மதியம் "சத்துணவு சாப்பிட்டேன் டீச்சர்" என்பார்களே தவிர "மதிய உணவு சாப்பிட்டேன்" என்று ஒரு பிள்ளையும் சொல்லி நான் கேட்டதில்லை. திட்டத்தின் பெயரே வேளையின் பெயராகிவிட்டது. 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தபிறகும் பிள்ளைகள் "பொங்கல் சாப்பிட்டேன்", "கிச்சடி சாப்பிட்டேன்" என்று பண்டத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். உணவு என்ற சொல் பலகையோடு நின்றுவிடுகிறது. எழுபது வயசுப் பாட்டியிடம் "காலை உணவு அருந்தினீர்களா" என்று கேட்டால் பயந்துபோய்த் தலையை ஆட்டிவிடும், அந்தத் தலையாட்டலை நம்பியா ரத்தம் எடுப்பது?

நாகூர்த்_தென்றல்:

எங்களுக்குக் காலையில் சாப்பிடுவது "பசியாறுவது". "பசியாறியாச்சா?" என்றால் இடியப்பமோ வட்டலப்பமோ இல்லை ரொட்டியோ, காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார்கள். காயல்பட்டினத்திலும் அப்படியே. மலேசியாவுக்குப் போனால் அங்கே எல்லாத் தமிழர்களும் இதைச் சொல்வார்கள், பினாங்கில் என் மாமா கடைக்கு வருகிறவர்கள் "பசியாற என்ன இருக்கு" என்றுதான் கேட்பார்கள். இங்கே உள்ளவர்களுக்கு அது ஏதோ செய்யுள் மாதிரிக் கேட்கும், எங்களுக்கு அது தினப்படிப் பேச்சு. உங்கள் வடசென்னை ஆட்கள் இதையே நாஷ்டா என்பார்கள்.

நோன்பு மாதத்தில் மொத்தமும் இடம் மாறிவிடும் என்பதையும் தாளில் எழுதுங்கள். விடிவதற்கு முன்னால் சஹர் சாப்பிட்டுவிட்டு "நோன்பு வச்சிருக்கேன்" என்று ஏழு மணிக்கு வருவார்கள். நாலரை மணிக்குச் சாப்பிட்டவருக்கு ஏழு மணிக்கு எப்படி வெறும் வயிறு ஆகும்? சஹர் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

வடமராட்சி:

எங்கட யாழ்ப்பாணப் பக்கம் காலமைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு. புட்டோ இடியப்பமோ பாணோ (நீங்கள் பிரெட் எண்டு சொல்லுறது), எல்லாம் சாப்பாடுதான், சோறு இல்லாட்டிலும். பின்னேரம் தேத்தண்ணி. ஆக யாழ்ப்பாணத்து ஆள் "சாப்பிடேல்ல" எண்டால் நீங்கள் நம்பலாம். ஆனால் "தேத்தண்ணி மட்டும்தான்" எண்டால் சீனியைப் பற்றிக் கேளுங்கோ அக்கா.

மலர்_லேப்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மாமி சொன்ன பன்னிரண்டு மணி விஷயத்தை இன்றைக்கே எங்கள் சீனியரிடம் சொல்லிவிட்டேன். படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: வேளையின் பெயரைக் கேட்கவே கூடாது, பண்டத்தையும் நேரத்தையும் கேட்கணும். அதனால் தாளில் "சாப்பிட்டீங்களா" என்பதை எடுத்துவிட்டு, "நேத்து ராத்திரி கடைசியா என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு? அதுக்கப்புறம் தண்ணி தவிர வாயில என்னென்ன போட்டீங்க?" என்று எழுதப் போகிறேன். இட்லி, காப்பி, டீ, பால், கஞ்சி, பிஸ்கட் என்று பெயர்களைப் பக்கத்திலேயே போட்டுவிட்டால் கவுன்டர் பிள்ளைகள் வாசித்துக் கேட்டுக்கொள்வார்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

வெத்தலை பாக்கு, இருமல் மிட்டாய், மாத்திரை முழுங்க ஒரு வாய் மோர். இது மூன்றையும் எங்கள் ஊரில் யாரும் சாப்பிட்ட கணக்கில் சேர்க்க மாட்டார்கள், பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஒத்துக்கொள்வார்கள்.