பிளாஸ்டிக் கதிரைக்கு நூதனசாலையில் என்ன வேலை?

உப்புவெளியான்:
2017 இல் சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் தங்கச்சி வீட்டில் நின்றபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில் இருக்கும் விட்ரா டிசைன் மியூசியத்துக்கு மருமகன் கூட்டிக்கொண்டு போனான். 1800 தொடக்கம் இன்றுவரை வந்த கதிரைகள் நானூறுக்கு மேல், வளைத்த மரம், இரும்புக் குழாய், பிளைவூட் என்று தட்டுத்தட்டாக வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் சரி. ஆனால் அங்கேயே, நம்மூரில் கலியாணவீடு செத்தவீடு எல்லாவற்றுக்கும் வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் கதிரைக்கென்று தனியாக ஒரு கண்காட்சி! அதில் அப்படி என்ன இருக்கிறது? இப்போது கேட்கக் காரணம், அப்பாவின் சாய்மனைக் கதிரை பிரம்பு அறுந்து கிடக்கிறது, பழைய சாமான் வாங்க வந்தவர் 5,000 ரூபா தருகிறேன் என்கிறார். கொடுக்கவா?

பாலையூற்றுப் பொடியன்:
அண்ணா, அடுத்த முறை அந்தப் பிளாஸ்டிக் கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஆணி இல்லை, பொருத்து இல்லை. பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை 220 பாகை செல்சியஸ் அளவில் உருக்கி ஒரே அச்சுக்குள் அழுத்தினால் முழுக் கதிரையும் ஒரே துண்டாக வெளியே வரும். கால் 'ட' மாதிரி மடிந்திருப்பது அழகுக்கு இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் வளையாமல் நிற்கத்தான். ஒரே துண்டில் பிளாஸ்டிக் கதிரை செய்ய டென்மார்க் வடிவமைப்பாளர் வெர்னர் பாண்டன் பல வருடம் அலைந்து 1967 இல்தான் அவருடையது விற்பனைக்கு வந்தது. 1972 இல் பிரான்சில் ஹென்றி மசோனே இரண்டு நிமிடத்துக்குள் ஒரு கதிரை என்ற கணக்குக்குக் கொண்டுவந்துவிட்டார். அதற்கும் முதல், 1859 இல், தோனெட் என்ற தளபாடக் கம்பனி செய்த 14 ஆம் இலக்கக் கதிரை ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட், அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் 36 கதிரை. கப்பலில் ஏற்றத்தான் அந்த மூளை.

கடற்கரை வீதி:
நல்ல மூளைதான், எங்கள் மாமா கலியாணவீட்டில் கால் விரிந்து விழுந்ததையும் எழுதுங்கள். நம்ம வெயிலில் இரண்டு வருடம் வெளியில் கிடந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். உங்கள் தங்கச்சியின் பாசலிலேயே 2008 முதல் 2017 வரை பொது இடத்தில் அதைப் போடத் தடை, நகரத்தின் அழகு கெடுகிறதாம். எல்லைக்கு இந்தப் பக்கம் தடை, கொஞ்சம் தள்ளினால் கண்காட்சி!

ஓர்ஸ்ஹில் அக்கா:
தம்பி, 5,000 ரூபாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். சண்டிகாரில் அரசாங்கக் கந்தோர்களுக்கென்று அந்த நகரத்தைக் கட்டிய கட்டடக்கலைஞர்களில் ஒருவரான பியர் ஜன்னரே காலத்தில் செய்த தேக்கு, பிரம்புக் கதிரைகளைப் பிறகு கழிவு என்று கூட்டி அள்ளி விற்றார்கள். வாங்கிய வெளிநாட்டுக்காரர் திருத்தி, ஏலத்தில் லட்சக்கணக்கில் விற்றார்கள். உங்களுடையது அந்த விலை போகாது, ஆனாலும் மரம் நல்லதென்றால் பிரம்பு மட்டும் மாற்றினால் போதும். கதிரைச் சட்டத்தின் ஓரத்தில் துளைகள் இருந்தால் கையால் பின்ன வேண்டும், பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் இழுக்க வேண்டும். துளை இல்லாமல் காடி, அதாவது நீளமாக வெட்டிய பள்ளம் மட்டும் இருந்தால் பின்னிய தட்டியை வாங்கி அடித்து இறுக்கலாம், அது மலிவு. இப்படியான சாமான்களை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்க்க ஜெர்மனி போகத் தேவையில்லை, கொழும்பு 33 ஆம் ஒழுங்கையில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு இருக்கிறது, முன்கூட்டியே பதிந்துவிட்டுப் போங்கள். அப்புறம், இரும்புக் குழாய்க் கதிரை ஆசை மட்டும் நமக்கு வேண்டாம், இந்த உப்புக்காற்றுக்கு ஒரு மாரி தாங்காது.

உப்புவெளியான்:
போய்க் கவிழ்த்துப் பார்த்தேன், துளைதான் அக்கா. வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கையால் பின்னுகிற ஆள் யாரையும் தெரியுமா? தம்பலகாமம் பக்கம் என்றாலும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவேன்.